பாட்டியோட காசு மாலையில் எட்வர்ட் ராஜா இருக்காரா? மாத்துறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாருங்க!



வீட்ல ஒரு கல்யாணம் வருதுன்னா பேச்சு பீரோவுல இருந்துதான் ஆரம்பிக்கும். "பாட்டியோட காசு மாலை சும்மாதானே கிடக்கு, நேரு வீதியில குடுத்து புது டிசைன்ல மாத்திடலாம்." இன்னொரு பக்கம், மொபைல்ல "எட்வர்டியன் ஆன்டிக், 1905 இங்கிலாந்து நகை, அரிய வாய்ப்பு"ன்னு விளம்பரம் வருது. சம்பளம் வந்த கையோட ஒண்ணு வாங்கிப் போட்டா பின்னாடி பல மடங்கு ஆகும்னு மனசு சொல்லுது.

இந்த ரெண்டு விஷயத்துக்கும் நடுவுல ஒரு தொடர்பு இருக்கு. எட்வர்ட் ராஜா காலத்து இங்கிலீஷ் தங்கம் வாங்க நீங்க லண்டன் வரைக்கும் போக வேண்டியதில்லை. திண்டிவனத்துல உங்க பீரோவுலயே அது இருக்கலாம். அதை எப்படிக் கண்டுபிடிப்பது, உண்மையில் அதுக்கு என்ன மதிப்பு, வாங்கலாமா, விற்கலாமா, மாத்தலாமா? கணக்கோட பார்க்கலாம் வாங்க.

நம்ம "பவுன்" எங்கிருந்து வந்தது?

தங்கத்தை நாம சவரன்ல, பவுன்ல சொல்றோம். இந்த ரெண்டு வார்த்தையுமே இங்கிலாந்தோட "சாவரின்" என்ற ஒரு பவுண்டு தங்க நாணயத்தில் இருந்து வந்தவை. அதன் எடை 7.988 கிராம், தரம் 22 கேரட். அதைத்தான் நாம 8 கிராம்னு முழுசாக்கி "ஒரு சவரன்" என்று வைத்துக்கொண்டோம். 22 கேரட் மேல நமக்கு இருக்கும் பாசமும் இந்த நாணயத்தோட பொருந்திப் போறதைக் கவனிங்க.

1899-ல் இந்தியாவில் இந்த சவரன், 15 ரூபாய்க்குச் சமமான சட்டப்படி செல்லும் பணமாக ஆனது. ஏழாம் எட்வர்ட் 1901-ல் இருந்து 1910 வரை ராஜா. அந்த வருஷங்களில் இந்தியாவோட ஏற்றுமதிக்கு ஈடாக சவரன்கள் நிறைய இங்கே வந்து சேர்ந்தன. அன்றைய தென்னாற்காடு ஜில்லாவில் மல்லாட்டை பெரிய பணப்பயிர். பாண்டிச்சேரி துறைமுகம் வழியா பிரான்சுக்குக் கப்பல் ஏறியது. கையில் காசு புரண்டவர்கள் சவரனைப் பெட்டியில் வைத்தார்கள், இல்லைன்னா ஆசாரியிடம் கொடுத்து வளையம் பற்றவைத்து மாலையாகக் கோத்தார்கள். வங்கி பக்கத்துல இல்லாத காலத்தில் கழுத்துதான் சேமிப்புக் கணக்கு!

எட்வர்ட் காசை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு பூதக்கண்ணாடி, 0.01 கிராம் வரை காட்டும் ஒரு சின்ன டிஜிட்டல் தராசு போதும்.

1. முகம்: கிரீடம் இல்லாத தலை, தாடி, வலது பக்கம் பார்க்கும் முகம் என்றால் எட்வர்ட். தாடியோட இடது பக்கம் பார்த்தால் அது அடுத்து வந்த ஐந்தாம் ஜார்ஜ். பெண் முகம் இருந்தால் விக்டோரியா ராணி.

2. பின்பக்கம்: குதிரை மேல் ஒரு வீரன், கீழே டிராகன். டிராகனுக்குக் கீழே வருஷம். எட்வர்ட் சவரன் 1902 முதல் 1910 வரைதான்.

3. சின்ன எழுத்து: வருஷத்துக்கு மேல, தரைக்கோட்டில் ஒரு பொடி எழுத்து இருக்கா பாருங்க. எம் என்றால் மெல்போர்ன், எஸ் என்றால் சிட்னி, பி என்றால் பெர்த், சி என்றால் கனடாவின் ஒட்டாவா. எழுத்தே இல்லை என்றால் லண்டன்.

4. அளவு: விட்டம் 22.05 மில்லிமீட்டர், விளிம்பு முழுக்க வரிவரியாக இருக்கும். பிரிட்டிஷ் சட்டப்படி சுமார் 7.94 கிராமுக்குக் கீழே தேய்ந்த சவரன் செல்லாது. அதனால் வளையம் இல்லாத காசு இதைவிட ரொம்பக் குறைந்தால் சந்தேகப்படுங்க. வளையம் இருந்தால் எடை கொஞ்சம் கூடும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. காசு மாலையில் இருப்பதெல்லாம் சவரன் இல்லை. லட்சுமி உருவம் போட்ட காசு, சவரனைப் பார்த்து மெல்லிசா அச்சடித்த காசு என்று பல வகை உண்டு. ஒரே மாலையில் ரெண்டும் கலந்தும் இருக்கலாம். ஒவ்வொரு காசாகப் பார்ப்பதுதான் வழி.

பழசு என்றால் விலை அதிகமா?

இங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. நூறு வருஷம் ஆனதால் மட்டும் ஒரு பொருளுக்கு விலை கூடாது. அது எத்தனை மிச்சம் இருக்கு, எத்தனை பேர் தேடுறாங்க, எந்த நிலையில் இருக்கு என்ற மூணும் சேர்ந்துதான் விலை.

எட்வர்ட் சவரன்கள் கோடிக்கணக்கில் அச்சானவை. உலகம் முழுக்க இன்னும் ஏராளமாகக் கிடைக்கின்றன. அதனால் சாதாரண வருஷத்துக் காசு, தங்க விலையை ஒட்டித்தான் போகும். விதிவிலக்கு உண்டு. 1908-ல் ஒட்டாவாவில் அச்சான சவரன் மொத்தமே 636தான். அப்படி ஒண்ணு கிடைத்தால் கதை வேறு. ஆனா அதை நம்பி மாசச் சம்பளத்தை வைக்கக் கூடாது.

இன்னொண்ணு, மாலைக்காக வளையம் பற்றவைத்த காசை நாணயம் சேகரிப்பவர்கள் சேதமான காசாகத்தான் பார்ப்பாங்க. பளபளன்னு பாலிஷ் போட்டாலும் அதே கதைதான்.

கணக்கு போட்டுப் பார்க்கலாம்

எளிமைக்காக 22 கேரட் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விற்கும்போது கடையில் 2 சதவீதம் கழிக்கிறாங்க என்றும் வைத்துக்கொள்வோம்.

வழி 1: "ஆன்டிக்" என்று சொல்லி 1,10,000 ரூபாய்க்கு வரும் எட்வர்ட் சவரன். அதில் உள்ள தங்கம் 7.98 கிராம், அதாவது 79,800 ரூபாய். நாளைக்கே விற்றால் கைக்கு வருவது சுமார் 78,200. உங்க முதலைத் திரும்ப எடுக்கவே தங்கம் 40 சதவீதம் ஏறணும்!

வழி 2: நகைக்கடையில் 8 கிராம் புதுக் காசு. 80,000 ரூபாய் தங்கம், 5 சதவீதம் செய்கூலி, அதுக்கு மேல 3 சதவீதம் ஜி.எஸ்.டி. மொத்தம் 86,520. விற்றால் 78,400. சுமார் 10 சதவீதம் ஏறினால் முதல் வந்துவிடும்.

வழி 3: கோல்டு இ.டி.எஃப். செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை. வருஷச் செலவு பொதுவாக 1 சதவீதத்துக்குள்.

முதலீடு என்று பார்த்தால் வழி 3 தான். எட்வர்ட் காசு மேல ஆசை இருந்தா அது பொழுதுபோக்கு, அதுக்குத் தனி பட்ஜெட் போடுங்க. தங்க விலைக்கு மேல நீங்க கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் சினிமா டிக்கெட் மாதிரி, திரும்பி வராதுன்னு நினைச்சுக் கொடுங்க.

லண்டன் ப்ரூச், மோதிரம் வாங்க நினைக்கிறீங்களா?

எட்வர்டியன் நகை என்றாலே பிளாட்டினம், வைரம், முத்து, லேஸ் மாதிரி நுணுக்கமான வேலைப்பாடு. பார்க்க அழகுதான். ஆனா நம்ம ஊர்ல விற்கப் போனா என்ன நடக்கும்?

அந்தக் கால இங்கிலாந்து நகைகள் பல 9 கேரட், 15 கேரட். 15 கேரட் என்றால் 62.5 சதவீதம்தான் தங்கம். இந்தத் தரத்தை இங்கிலாந்தே 1932-ல் கைவிட்டது. 6 கிராம் ப்ரூச்சில் சுத்தத் தங்கம் 3.75 கிராம்தான். பொடி வைரத்துக்கும் வேலைப்பாட்டுக்கும் உள்ளூர் கடையில் பெரும்பாலும் பூஜ்யம். வெளிநாட்டு ஏலத்தில் எடுத்தால் ஏல நிறுவனத்தின் கமிஷன், கூரியர், இங்கே சுங்க வரி, ஜி.எஸ்.டி. எல்லாம் தனி.

முத்து பற்றி ஒரு உண்மைக் கதை. 1917-ல் நியூயார்க் ஐந்தாவது அவென்யூவில் இருந்த ஒரு மாளிகையை கார்டியே நகை நிறுவனம் வாங்கியது. கொடுத்த விலை 100 டாலரும், 10 லட்சம் டாலர் மதிப்புள்ள ஒரு முத்து மாலையும். பிறகு ஜப்பானின் வளர்ப்பு முத்து சந்தைக்கு வந்து இயற்கை முத்தின் விலையைச் சாய்த்தது. 1957-ல் அதே முத்துகள் ஏலம் போனபோது, பழைய மதிப்பில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. மாளிகையை வைத்திருந்தவர் ஜெயித்தார். "அரிய பொருள்" என்ற பெயர் நிரந்தரம் இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?

மாலையை மாத்துறதுக்கு முன்னாடி இதைச் செய்யுங்க

* ஒவ்வொரு காசையும் ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து, வருஷமும் எழுத்தும் நோட்டில் எழுதுங்க. ரெண்டு மணி நேர வேலைதான்.
* கடைக்குப் போறதுக்கு முன்னாடியே முழு எடையைக் குறிச்சுக்கோங்க.
* "பழைய தங்கம், டச் கம்மி" என்று சொன்னால் உருக்கச் சம்மதிக்காதீங்க. உருக்காமலே தரம் காட்டும் எக்ஸ்.ஆர்.எஃப். மெஷினில் போட்டுக் காட்டச் சொல்லுங்க. பி.ஐ.எஸ். அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையத்திலும் சோதிக்கலாம்.
* அசல் சவரன் என்றால் தரம் 916-ஐ ஒட்டி வரணும். பற்றவைத்த இடத்தில் மட்டும் குறையலாம். மொத்த மாலைக்கும் அந்தக் குறைந்த தரத்தைப் போட்டுக் கழிக்க விடாதீங்க.
* மாத்தி வாங்கும் புது நகையில் ஆறு இலக்க ஹெச்.யு.ஐ.டி. இருக்கணும். பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் அதைச் சரிபாருங்க.

50 கிராம் மாலையை மாத்தும்போது தரத்தில் 4 சதவீதம் குறைத்துப் போட்டாலே, மேல சொன்ன விலையில் 20,000 ரூபாய் போச்சு. புது நகைக்குச் செய்கூலி 12 சதவீதம் என்றால் இன்னொரு 60,000. டிசைன் மாத்துற ஆசைக்கு மொத்தம் 80,000 ரூபாய். ஒரு மாசச் சம்பளத்தைத் தாண்டிடுச்சு இல்லையா?

வரி, அடகு, லாக்கர்: யாரும் சொல்லாத மூணு விஷயம்

வரி: பழைய நகையைக் கொடுத்துப் புதுசு வாங்குவதும் வருமான வரிச் சட்டத்தில் விற்பனைதான். பாட்டியிடம் இருந்து வந்த நகை என்றால் நீண்டகால மூலதன ஆதாயம், 12.5 சதவீத வரி, அதன் மேல செஸ். 2001-க்கு முன்னாடி வாங்கியதாக இருந்தால் 2001 ஏப்ரல் 1 அன்றைய சந்தை மதிப்பை அடக்க விலையாக எடுத்துக்கலாம். பெரிய தொகை என்றால் ஆடிட்டரைக் கேட்டுட்டு செய்யுங்க.

அடகு: நகைக்கடனுக்கு ரிசர்வ் வங்கி விதிப்படி தங்கத்தின் எடைக்கும் தரத்துக்கும் மட்டும்தான் மதிப்பு. கல்லும் வேலைப்பாடும் நூறு வருஷப் பழமையும் கணக்கில் வராது.

லாக்கர்: தீ, திருட்டு மாதிரி வங்கியின் பொறுப்பில் வரும் இழப்புக்கு, வருஷ வாடகையின் 100 மடங்குதான் உச்ச இழப்பீடு. வாடகை 2,000 என்றால் 2 லட்சம். மாலை 5 லட்சம் என்றால் மீதிக்குத் தனியாகக் காப்பீடு பாருங்க.

கூடவே ஒண்ணு. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட நாணயம், நகைக் கலைப்பொருட்களை 1972-ன் தொல்பொருள் சட்டப்படி தனிநபர் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. துபாய்க்கோ லண்டனுக்கோ வேலைக்குப் போகும்போது எட்வர்ட் காசைப் பெட்டியில் போட்டுக்காதீங்க.

சரி, என்னதான் பண்றது?

பணம் அவசரமா வேணும்னா விற்பதற்கு முன்னாடி நகைக்கடனை யோசிங்க, மாலை திரும்பி வரும். அண்ணன் தங்கச்சிக்குள்ள பங்கு பிரிக்கணும்னா உருக்க வேண்டாம், காசு காசாகப் பிரிச்சுக்கலாம். ஆளுக்கு ரெண்டு சவரன் வந்தாலும் அது பாட்டியோட காசாவே இருக்கும். புது நகை வேணும்னா முதல்ல கலந்து கிடக்கும் மெல்லிசுக் காசுகளைக் கொடுங்க, அசல் சவரனைக் கடைசியாகத் தொடுங்க.

எட்வர்ட் காசைத் தேடி வெளியே பணம் செலவழிப்பதைவிட, வீட்டில் இருப்பதை விவரம் தெரியாமல் உருக்காமல் இருப்பதுதான் பெரிய லாபம். இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாகிட்ட சொல்லி மாலையை வெளியே எடுங்க, தராசும் பூதக்கண்ணாடியும் பக்கத்துல வைங்க. காசை எப்படிச் சோதிப்பது என்பதை நம்ம சேனல் வீடியோவில் செஞ்சே காட்டியிருக்கோம், அதையும் ஒரு தடவை பார்த்துடுங்க. அடுத்த பதிவில் சந்திப்போம்!