எண்ணெய் அடித்தவருக்கு மாலை போட்டது யார்?

வாரா வாரம் இந்தப் பகுதியில் சம்பளம், வீடு, பள்ளிக்கூடம் என்றுதான் பேசிக்கொண்டிருக்கிறோம். இந்த வாரம் ஒரு மாலையைப் பற்றிப் பேசப் போகிறோம். சிரிக்காதீர்கள், விஷயம் இருக்கிறது.

அண்மையில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் மருத்துவ உதவியாளருக்குப் பிரியாவிடை. நமக்கும் அழைப்பு வந்திருந்தது. மருத்துவ உதவியாளர் என்பதெல்லாம் அழைப்பிதழில்தான். நம் சனங்களுக்கு அவர் என்றைக்கும் 'டிரசர் ஐயா'. மாரியம்மன் கோயில் முன்னால் பந்தல் போட்டு, ஒலிபெருக்கி கட்டி, பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். நிர்வாகி பேசினார். கிராணிமார் பேசினார்கள். தலைமையாசிரியர் கொஞ்சம் நீளமாகவே பேசினார். ரோஜா மாலை, பொன்னாடை, ஒரு சுவர்க் கடிகாரம். 30 வருடத்துக்கு மேல் அங்கேயே இருந்தவர் அல்லவா, டிரசர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்குத் தகும். அதில் நமக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

கைத்தட்டல் அடங்கும் நேரத்தில் பின் வரிசையிலிருந்து ஒரு மூதாட்டியின் குரல்.

"டிரசர் ஐயாவுக்கு மாலை போட்டீங்க, நல்லது. எண்ணெய் அடிச்ச மனுசனுக்கு யாருப்பா மாலை போட்டா?"

கூட்டம் சிரித்தது. ஒலிபெருக்கிக்காரர் அடுத்த அங்கத்துக்குப் போய்விட்டார். நாம் மீகூன் தட்டை எடுத்துக்கொண்டு பாட்டியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தோம். அவர் வீட்டுக்காரர்தான் அந்த எண்ணெய் அடித்த மனுசன். அந்தத் தோட்டம் ரப்பர்த் தோட்டமாக இருந்த காலத்தில் 20 வருடத்துக்கு மேல் அந்த வேலை பார்த்தவர். இப்போது சர்க்கரை வியாதி. கண்ணும் சரியாகத் தெரியாது. பிரியாவிடைக்கு வரவில்லை, வீட்டில் இருக்கிறார்.

இளம் வாசகர்களுக்கு எண்ணெய் அடிப்பது என்றால் என்னவென்றே தெரியாமல் இருக்கலாம். அது விளங்க நூறு வருடத்துக்கு மேல் பின்னால் போக வேண்டும்.

கிள்ளானுக்கு வந்த டாக்டர்

1901-ஆம் ஆண்டு தொடக்கத்தில் மால்கம் வாட்சன் என்ற ஸ்காட்லாந்து டாக்டர் கிள்ளானுக்கு அரசாங்க டாக்டராக வந்து சேர்ந்தார். அதே வருடம் செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தைத் திறந்தார்கள். இன்றைய போர்ட் கிள்ளான்தான் அது. திறந்து சில வாரம் ஆகவில்லை, துறைமுகத் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாகக் குளிர்காய்ச்சலில் விழுந்தார்கள். புதுத் துறைமுகத்தையே மூடிவிடலாமா என்று அரசாங்கம் யோசிக்கும் அளவுக்குப் போய்விட்டது.

மலேரியாவைப் பரப்புவது கொசு என்பது அப்போது புதுச் செய்தி. 1897-இல்தான் ரொனால்ட் ரோஸ் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அதற்கு 1902-இல் நோபல் பரிசு கிடைத்தது. இங்கே ஒரு சின்னச் செய்தியையும் சொல்லிவிட வேண்டும். ரோஸ் அன்று கொசுக்களைக் கடிக்கவிட்டது உசேன் கான் என்ற மலேரியா நோயாளியின் உடம்பில். கடித்த கொசு ஒன்றுக்கு ஓர் அணா கூலி. நோபல் பரிசுக்கு ரத்தம் கொடுத்தவருக்குச் சில அணாக்கள்! பாட்டி கேட்ட கேள்வி அங்கேயே ஆரம்பமாகிவிட்டது பாருங்கள்.

வாட்சன் சதுப்பில் வாய்க்கால் வெட்டச் சொன்னார், சுற்றியிருந்த காட்டை அழிக்கச் சொன்னார். அந்தக் கடலோரத்தில் நோயைப் பரப்பிய கொசு நிழலில் தேங்கிய நீரில் வளரும் ஜாதி. வெயில் பட்டது, நீர் வடிந்தது, காய்ச்சல் இறங்கியது. துறைமுகம் பிழைத்தது.

சரி, இதையே எல்லாத் தோட்டத்திலும் செய்துவிடலாம் என்றுதானே தோன்றும்? அங்கேதான் சிக்கல். மேட்டு நிலத்துத் தோட்டங்களில் காட்டை அழித்ததும் காய்ச்சல் குறையவில்லை, கூடிவிட்டது. மலைப் பக்கத்துக் கொசு வேறு ஜாதி. அதன் பெயர் அனோபிலிஸ் மாக்குலாட்டஸ். அதற்கு வெயிலும், தெளிந்து ஓடுகிற ஊற்று நீரும்தான் பிடிக்கும். காட்டை வெட்டி ஓடையை வெயிலுக்குத் திறந்துவிட்டது அந்தக் கொசுவுக்குத் தொட்டில் கட்டியது போல் ஆகிவிட்டது. சமவெளியில் உயிர் காத்த வைத்தியமே மேட்டில் உயிரைக் குடித்தது! வாட்சன் இதைக் கவனித்தார். ஓடை நீரை நிலத்துக்கு அடியில் குழாய் பதித்துக் கொண்டுபோனால் கொசு முட்டையிட இடம் இருக்காது என்று தோட்டங்களில் செய்து காட்டினார். பிறகு நீரின் மேல் எண்ணெய் தெளிக்கும் முறையும் பரவியது. காய்ச்சலில் படுத்தவனால் பால் மரம் வெட்ட முடியாது என்கிற கணக்கு துரைமார்களுக்கும் விளங்கிவிட்டது.

1924-இல் வாட்சனுக்கு 'சர்' பட்டம் கொடுத்தார்கள். அதையும் நாம் குறை சொல்லவில்லை. நல்ல மூளை, நல்ல மனம். ஆனால் அந்த வாய்க்கால்களை வெட்டியதும், சேற்றில் இறங்கிக் குழாய் பதித்ததும் யார்? சீனரும் ஜாவாக்காரரும் உண்டு. தோட்டங்களில் பெரும்பாலும் நம் பாட்டன்மார்தான். கொசுவை ஒழிக்கப் போன இடத்திலேயே கொசுக்கடி பட்டுக் காய்ச்சலில் விழுந்தவர்களும் அவர்கள்தான்.

ஏழு நாள் கணக்கு

முதுகில் எண்ணெய்த் தகரம், கையில் தெளிப்புக் குழாய். காலைப் பெரட்டு முடிந்ததும் கிளம்பினால் ஊற்று, ஓடை, வாய்க்கால், மாடு மிதித்த குழியில் நின்ற நீர் வரைக்கும் ஒன்று விடாமல் அடிக்க வேண்டும். கொசுப் புழு நீரின் மேல்மட்டத்துக்கு வந்துதான் மூச்சு விடும். எண்ணெய்ப் படலம் அதை அடைத்துவிடும். முட்டை கொசுவாக மாற எட்டுப் பத்து நாள் போல ஆகும். அதனால் ஏழு நாளைக்கு ஒரு தரம் அதே இடத்துக்குத் திரும்பி வந்தாக வேண்டும். மழை பெய்து எண்ணெயை அடித்துக்கொண்டு போய்விட்டால் மறுபடியும் அடிக்க வேண்டும்.

"ஒரு ஓடைய விட்டுட்டா போதும் தம்பி, அடுத்த மாசம் அந்தப் பக்கத்து லயத்துல கம்பளி போத்திக்கிட்டுக் கெடப்பாங்க. இவருக்கு ராத்திரி தூக்கமே வராது. அந்தப் பள்ளத்துல அடிச்சேனா இல்லியான்னு எந்திரிச்சு உக்காந்துக்குவாரு" என்றார் பாட்டி. வீட்டுக்கு வந்தால் உடம்பெல்லாம் எண்ணெய் நாற்றம். பிள்ளைகள்கூடக் கிட்டே வராதாம். அந்தக் காலத்தில் கையுறை ஏது, முகமூடி ஏது!

இது ஒருவர் கதை இல்லை. 1967-இல் தீபகற்ப மலேசியாவில் அரசாங்கம் மலேரியா ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கி, வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. அடிக்க ஆட்களை அனுப்பியது. சுவரில் வெள்ளைப் பொடி படிந்தது பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அரசாங்க ஆள், தோட்டத்து ஆள், ரத்தம் எடுத்தவர், கண்ணாடியில் பார்த்தவர் என்று எத்தனையோ பேர் உழைப்பு இது. 2018 முதல் மனிதனிடமிருந்து மனிதனுக்குக் கொசு வழியாகப் பரவும் மலேரியா உள்நாட்டில் ஒருவருக்கும் தொற்றாத நிலைக்கு மலேசியா வந்தது. குரங்கிலிருந்து கொசு வழியாக மனிதனுக்கு வரும் மலேரியா மட்டும் இன்னும் இருக்கிறது. காட்டோரப் பகுதிகளில் வேலை செய்பவர்கள் காய்ச்சல் கண்டால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்துவிடாதீர்கள். காட்டுப் பக்கம் வேலை என்று டாக்டரிடம் சொல்லி ரத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கோயில் விளக்கில் இல்லாத பெயர்

எண்ணெய் அடித்தவர் மட்டும்தானா? டிரசரையே எடுத்துக்கொள்வோம். தோட்டத்து மருத்துவ உதவியாளர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று 1965-இல் சட்டம் வந்தது. அதற்கு முன்னும் பின்னும் டாக்டர் இல்லாத இடத்தில் டாக்டராக நின்றவர் அவர்தான். எல்லா நோய்க்கும் ஒரே பாட்டில் மருந்து என்று நாம் கேலி பேசியிருக்கிறோம். லீவு கேட்டால் முறைப்பார், நிர்வாகத்துக்குப் பயப்படுவார் என்று திட்டியும் இருக்கிறோம். திட்டியதில் நியாயமும் உண்டு. ஆனால் நடுராத்திரியில் கதவைத் தட்டினால் டார்ச் விளக்கோடு வந்தவரும் அவர்தான்.

மருத்துவச்சியை யோசித்துப் பாருங்கள். பாதித் தோட்டத்தின் தொப்புள் கொடியை அறுத்த கை. ஆயாக்கொட்டாய் ஆயாவையும் யோசியுங்கள். அம்மா இருட்டோடு மரம் வெட்டப் போனபின் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று முதலில் தொட்டுப் பார்த்தது அவள் கைதான். நம் கோயில்களில் குழல் விளக்கு வாங்கிக் கொடுத்தவர் பெயர், வெளிச்சமே வெளியே வராத அளவுக்கு அதன் மேல் பெரிதாக எழுதியிருக்கும். மருத்துவச்சி பெயர் எங்கேயாவது எழுதியிருக்கிறதா?

இன்னொன்றும் உண்டு. சுதந்திரத்தை ஒட்டிய வருடங்களில் அரசாங்கம் கம்பங்களுக்குக் கிராம சுகாதார நிலையங்களையும் தாதியரையும் கொண்டுபோனது. நல்ல திட்டம்தான். ஆனால் தோட்டம் தனியார் நிலம், அங்குள்ளவர்கள் முதலாளி பொறுப்பு என்று சொல்லி அந்த வண்டி பெரும்பாலும் தோட்டத்து வாசலோடு நின்றுவிட்டது. அதனால்தான் அரைகுறைப் பயிற்சியோடும் அரைச் சம்பளத்தோடும் உள்ளே இருந்தவர்கள் தோளில் அத்தனை பாரமும் விழுந்தது. இன்று பல தோட்டங்கள் கைமாறி, துண்டாகி, வீடமைப்புப் பகுதியாகிவிட்டன. ஆயாக்கொட்டாய் இருந்த இடத்தைக் காட்டக்கூட ஆள் இல்லை.

ஆகவே ஒன்று கேட்கிறோம். உங்கள் தோட்டத்தில் எண்ணெய் அடித்தவர், மருத்துவச்சி, ஆயா, ஆஸ்பத்திரி கூட்டியவர் உயிரோடு இருந்தால் இந்த வருடத் திருவிழாவில் அவரை மேடைக்கு அழையுங்கள். பள்ளி விளையாட்டுப் போட்டிக்குப் பரிசு கொடுக்கக் கூப்பிடுங்கள். அவர் செய்த வேலை என்னவென்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். இறந்துபோயிருந்தால் பெயரையும் வேலை செய்த வருடங்களையும் கோயில் பலகையில் எழுதுங்கள். பக்கத்து வீட்டில் இன்று மருந்து அடிக்கும் வேலை பார்க்கிற வங்காளதேசத்துத் தம்பியையும், இந்தோனேசியச் சகோதரியையும் சேர்த்தே கணக்கில் எடுங்கள்.

இதையெல்லாம் அன்று பாட்டியிடமும் சொன்னோம். தாத்தாவை அழைத்துவந்து மாலை போடச் சொல்லட்டுமா என்று கேட்டோம். பாட்டி மீகூன் தட்டைக் கீழே வைத்தார்.

"கண்ணு தெரியாதவருக்கு மாலை எதுக்கு தம்பி? மாசம் ஒருக்கா சர்க்கரைக்கு மருந்து வாங்க கிளினிக்குக்குப் போவணும். போய்வர வண்டிக்குக் குடுக்கத்தான் கையில இல்லே. போன மாசம் போகவே இல்லே."

பின்னால் தேத்தண்ணியோடு நின்ற கோயில் தலைவர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கோயில் வேனை வெள்ளிக்கிழமைகளில் மட்டும்தான் எடுப்பார்களாம். அடுத்து எந்தத் தேதி என்று பாட்டியைக் கேட்டு, கைத்தொலைபேசியில் குறித்துக்கொண்டார். நாமும் குறித்துக்கொண்டு வந்திருக்கிறோம். வேன் போனதா இல்லையா என்று அடுத்த மாதம் இதே பகுதியில் எழுதுவோம்.