கூலியாளா, கூட்டாளியா?

நேயர்களே, இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. ஒரு வீட்டை விட்டு மற்றொரு வீட்டுக்குக் குடிபோகும்போது சாமான்களைத் தூக்கக் கூலிக்கு ஆள் அமர்த்துவதா, நண்பர்களை அழைத்துக்கொள்வதா என்பதே அது. இதற்கு ஒரு பேச்சும் வேண்டுமோ என்று உங்களில் சிலர் நகைக்கக்கூடும். நானும் ஒரு காலத்தில் அவ்வாறு நகைத்தவன்தான். ஆனால் கல்லூரியை விட்டு வேலைக்குச் செல்லவிருக்கும் மாணவ நண்பர்களாகிய நீங்கள், உங்கள் பாட்டனார் தம் வாழ்நாளில் மாறிய வீடுகளைவிட அதிகமான வீடுகளை முப்பது வயதுக்குள்ளேயே மாறிவிடுவீர்கள். ஆதலால் என் அநுபவத்தைச் சற்றுக் கேளுங்கள்.

2019-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் நாள் தென்காசி தனி மாவட்டமாயிற்று. புதிய மாவட்டத் தலைநகரில் அலுவலகங்கள் பெருகவே, என் வேலையும் அங்கே போய்விட்டது. சில காலம் நாள்தோறும் பேருந்தில் போய்வந்தேன். அலுத்துப்போய், 2021-இல் புளியங்குடியிலிருந்து தென்காசிக்குக் குடிபெயர முடிவு செய்தேன். கடையநல்லூர் வழியாக ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தூரம், பெரிய பயணமன்று.

புளியங்குடியில் சுமை தூக்கும் ஆட்களுக்குப் பஞ்சமே இல்லை. எலுமிச்சைச் சந்தைக்குப் பேர்பெற்ற ஊர் அது. கேரளத்துக்குச் செல்லும் லாரிகளில் மூட்டை ஏற்றியே தோள் காய்த்துப்போனவர்கள் அங்கே பலர். ஒருவரிடம் சென்று விசாரித்தேன். ‘குட்டியானை’ என்று நம் மக்கள் செல்லமாக அழைக்கும் சிறிய சரக்கு வண்டிக்கும், நான்கு ஆட்களுக்கும் சேர்த்து 6,500 ரூபாய் கேட்டார். எனக்கு அது அதிகமாகத் தோன்றிற்று. இரண்டு மாதம் முன்பாகவோ பின்பாகவோ வந்திருந்தால் குறைத்திருப்பாராம். ஆடியில் நம்மவர் யாரும் வீடு மாறுவதில்லை. அந்த மாதம் முழுவதும் தேங்கி நிற்கும் குடும்பங்கள் எல்லாம் ஆவணி பிறந்ததும் ஒருசேரப் புறப்படுகின்றன. வண்டி வாடகை ஏறிவிடுகிறது. இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய விந்தையன்று. கனடாவின் மான்ட்ரியல் நகரில் வாடகை ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை ஜூன் மாத இறுதியில் முடிவதால், ஜூலை முதல் நாளன்று பல்லாயிரம் குடும்பங்கள் ஒரே சமயத்தில் வீடு மாறுகின்றன. அன்று வண்டியும் கிடைக்காது; உதவிக்கு அழைக்கலாம் என்றாலோ, நண்பனும் தன் கட்டிலைத் தூக்கிக்கொண்டு தெருவில் நிற்பான்!

நான் அதில் ஆட்கூலியை மிச்சப்படுத்த எண்ணினேன். வண்டியை மட்டும் அமர்த்திக்கொண்டு, ஐந்து நண்பர்களை அழைத்தேன். ஐவரும் முகம் கோணாமல் வந்தார்கள். அவர்களுள் ஒருவர் கைத்தறி நெய்பவர்; பள்ளிப் பருவம் முதல் எனக்கு நெருங்கிய தோழர். இரும்பு பீரோவை மாடியிலிருந்து இறக்கும்போது, படி திரும்பும் இடத்தில் மேலே பிடித்திருந்த என் கை நழுவிற்று. பீரோவின் அடி விளிம்புக்கும் சுவருக்கும் இடையே அவருடைய இடக்கை விரல்கள் இரண்டு நசுங்கின. எலும்பு முறிவு. ஒரு மாதத்துக்கு மேல் அவர் தறியில் உட்காரவில்லை.

ஒரு வாரம் கழித்து, ஓர் உறையில் மூவாயிரம் ரூபாய் வைத்து அவரிடம் நீட்டினேன். அவர் அதைத் தொடவும் இல்லை. “கூலிக்கா வந்தேன், மக்கா?” என்று மட்டும் கேட்டார். கூலிக்கு வந்த ஒருவருடைய கை நசுங்கியிருந்தால் அவருக்கு நான் பணம் கொடுத்திருப்பேன், அவரும் வாங்கியிருப்பார், போதாதென்று சண்டையும் போட்டிருப்பார். அது அவருடைய உரிமை. என் தோழருக்கோ அந்த உரிமையும் இல்லாமற் போயிற்று. ஆட்கூலியை மிச்சம் பிடிக்கப் போய், எந்த நாணயத்தாலும் தீர்க்க முடியாத ஒரு கடனை நான் வாங்கிக்கொண்டேன்.

நம் தென்மாவட்டங்களில் ‘செய்முறை’ என்பதை அறியாதவர் இலர். திருமணத்தில் யார் எவ்வளவு மொய் எழுதினார் என்பதற்கு நோட்டுப் புத்தகம் உண்டு. திரும்பச் செய்யும்போது அதைப் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். உடல் உழைப்பாகச் செய்த உதவிக்கு அப்படி ஒரு நோட்டு இல்லை. கணக்கில்லாத காரணத்தால் அது இலவசமாகிவிடாது. கொடையை ஏற்றவனுக்குத் திருப்பிச் செய்யும் கடமை பிறந்துவிடுகிறது என்று பிரான்சு நாட்டு அறிஞர் மார்செல் மோஸ் 1925-இல் வெளிவந்த தம் புகழ்பெற்ற கட்டுரையில் விளக்கினார். அதை நம் ஊர்ப் பாட்டிமார் எவரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

வேறோர் ஆய்வு நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. ஜேம்ஸ் ஹேமன், டான் ஏரியலி என்னும் இருவர் 2004-இல் அமெரிக்க மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள்: ‘ஒரு சோபாவை வண்டியில் ஏற்ற உதவி கேட்டால் மற்ற மாணவர்கள் எந்த அளவுக்கு இணங்குவார்கள்?’ பணமே பேசாதபோது இணங்குவார்கள் என்ற மதிப்பீடு உயர்ந்திருந்தது. அரை டாலர் தருவதாகச் சொன்னதும் அது குறைந்துவிட்டது! ஐந்து டாலர் என்றதும் மறுபடி உயர்ந்தது. தின்பண்டம் தருவதாகச் சொன்னால் குறையவில்லை. அதன் விலையைச் சொல்லித் தந்தாலோ, அதுவும் காசுபோல் ஆகிவிட்டது. ஏரியலி பங்குகொண்ட வேறொரு கட்டுரை, அதன் தரவுகள் பொய்யானவை என்று கண்டு 2021-இல் திரும்பப் பெறப்பட்டது; ஆகவே இந்த ஆய்வையும் வேதவாக்காகக் கொள்ள வேண்டா. எனினும் நான் நீட்டிய உறை, அந்த அரை டாலரின் தம்பிதான் என்பதில் எனக்கு ஐயமில்லை. நண்பர்களுக்கு வயிறார உணவு போடுங்கள். அதன் விலையைச் சொல்லாதீர்கள்.

இனிச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், கட்டணம் வாங்காமல் செய்யும் பணி ‘சேவை’ என்ற சொல்லுக்குள் அடங்காது. நண்பர் உங்கள் கண்ணாடி அலமாரியை உடைத்துவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இயலாது, போகவும் கூடாது. பணம் பெற்றுக்கொண்டு சாமான் மாற்றித் தரும் நிறுவனமாயின் போகலாம். ஆனால் அதற்கு ஓர் எழுத்துச் சான்று வேண்டும். பொருள்களின் பட்டியல், அவற்றின் மதிப்பு, பேசிய தொகை, அதில் ஏற்றுக்கூலியும் இறக்குக்கூலியும் அடக்கமா என்ற விவரம் ஆகியவை கையொப்பத்துடன் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சில் ஒரு தொகை சொல்லி, சாமான்கள் வண்டியில் ஏறிய பின்பு இருமடங்கு கேட்போரும் இருக்கிறார்கள்.

இதைவிடப் பெரிய அபாயம் ஒன்றுண்டு. சரக்கு வண்டியில் மெத்தையின்மேல் நண்பர்களை உட்காரவைத்து அழைத்துச் செல்லும் வழக்கத்தைச் சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தில் 1994-இல் செய்த திருத்தம், வண்டியில் வரும் சரக்கின் உரிமையாளரையும் அவருடைய அதிகாரம் பெற்ற பிரதிநிதியையும் கட்டாயக் காப்பீட்டுக்குள் கொண்டுவந்தது. சும்மா ஏறி வருபவர் அதில் சேர்வதில்லை. சரக்கு வண்டியில் கட்டணமின்றி வருபவருக்காகக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பேற்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் தீர்ப்பளித்தது. அன்று என் நண்பர் மூவர் தென்காசி வரை அப்படித்தான் பாடிக்கொண்டு வந்தார்கள். இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நடுங்குகிறது.

சுமை தூக்குவது ஒரு தொழில் என்பதையும் நாம் மறந்துவிடுகிறோம். தலையில் சும்மாடு வைத்துக் கழுத்தை நேராக நிறுத்துவது, கயிறு கட்டித் தோளால் தாங்குவது, படியில் வலுவானவரைக் கீழே நிறுத்துவது ஆகிய யாவும் பழகி வருவன. அவர்களுக்கும் உடல்தானே? ஒரு வளர்ந்த ஆண் கையால் தூக்கும் சுமை 55 கிலோவுக்கு மேற்படலாகாது என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் பரிந்துரை செய்தது. அன்றாடம் தூக்குபவருக்கே வரம்பு அதுவாயின், ஆண்டு முழுவதும் பேனா பிடித்தவன் பீரோவைப் பிடித்தது பேதைமையன்றி வேறென்ன?

அப்படியானால் நண்பர்களை அழைக்கவே கூடாதா என்று கேட்பீர்கள். பிலிப்பைன்ஸ் நாட்டுக் கிராமங்களில் ‘பாயனிஹான்’ என்றொரு பழைய வழக்கம் உண்டு. மூங்கிலாலும் ஓலையாலும் ஆன வீட்டையே கழிகளின்மேல் ஏற்றி, ஊரார் பலர் தோள்கொடுத்துப் புதிய இடத்துக்குச் சுமந்து செல்வார்கள். வீட்டுக்காரர் விருந்து வைப்பார். இன்று தோள்கொடுத்தவனுக்கு நாளை மற்றவர்கள் தோள்கொடுப்பார்கள். எல்லார் வீடும் ஏறக்குறைய ஒரே மாதிரி. முறை மாறி வரும் உதவியில் எவரும் கடனாளியாக நிற்பதில்லை. விடுதி அறையிலிருந்து வாடகை அறைக்குப் போகும் மாணவரின் நிலையும் இதுவே. இரண்டு பெட்டி, ஒரு பாய், கொஞ்சம் புத்தகம். இதற்குக் கூலியாள் வைப்பவனை நான் மெச்சமாட்டேன். பீரோவும் குளிர்பதனப் பெட்டியும் வீட்டுக்குள் வந்த பிறகுதான் கணக்கு மாறுகிறது. உடைந்தால் பணத்தால் ஈடுசெய்யக் கூடியதைக் கூலிக்குக் கொடுத்துவிடுங்கள். பணத்தால் ஈடாகாத காரியத்துக்கு நண்பரை அழையுங்கள்.

இதை நான் உணர்ந்தது 2024-இல். என் நெசவுத் தோழர் புளியங்குடியிலேயே வேறு தெருவுக்குக் குடிபோனார். என் கடனைத் தீர்க்க வாய்த்த நாள் என்று எண்ணி விடியற்காலையிலேயே போய் நின்றேன். அவரோ முதல் நாளே சந்தையிலிருந்து நான்கு ஆட்களைப் பேசி வைத்திருந்தார். பீரோவையும் ஆட்டுரலையும் அவர்கள் தூக்கினார்கள். தறியைக் கழற்றுவதற்கு உடன் நெய்பவர்கள் இருவர் வந்திருந்தார்கள். அச்சையும் விழுதையும் வேறெவரையும் அவர் தொடவிடவில்லை. நானும் சட்டைக் கையைச் சுருட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே என் கையில் பால் செம்பைக் கொடுத்தார். வீட்டை விட்டுப் பிரிய மனமின்றித் திண்ணையில் அழுதுகொண்டிருந்த தம் தாயாரைக் காட்டி, “அம்மாவை நீ கூட்டிட்டு வா, நான் சொன்னால் வரமாட்டாள்” என்றார். அந்த அம்மாளை எழுப்பி ஆட்டோவில் உட்காரவைக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று.