14 வயசு மணப்பெண்ணும் ஒரு வரிப் பேச்சும்

சரித்திர நாவலில் ஓர் இளம் இளவரசி கல்யாணமாகி வேற்று நாட்டு அரண்மனைக்குள் நுழைந்தால் அடுத்து என்ன வரும்னு நமக்கே தெரியும். சதி, விஷம், ரகசியக் காதல். நிஜத்தில் கதை வேறு இடத்தில் இருந்தது: யார் யாரிடம் முதலில் பேசலாம் என்ற விதியில்.

மேரி அன்டாய்னெட்டையே எடுத்துக்குவோம். ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரசாவின் மகள். 1770 மே மாதம் பிரான்சின் வெர்சாய் அரண்மனைக்கு வரும்போது வயது 14, மாப்பிள்ளைக்கு 15. ரைன் நதித் தீவு ஒன்றில் பிரெஞ்சுக்காரர்களிடம் ஒப்படைத்தார்கள். கூட வந்த தோழிப் பெண்கள் அங்கிருந்தே திரும்பிட்டாங்க.

வெர்சாயில் மாமனார், மாமியார் இரண்டு பேருமே உயிரோடு இல்லை. மாப்பிள்ளையின் தாத்தா பதினைந்தாம் லூயிதான் அரசர். அவருடைய ராணியும் 1768-லேயே இறந்தாச்சு. ஆக, பட்டத்து இளவரசரின் மனைவியான இந்தச் சின்னப் பொண்ணுதான் பெண்களில் முதல் அந்தஸ்து. ஆனால் செல்வாக்கு முழுக்க அரசரின் ஆசைநாயகி மதாம் து பாரியிடம்.

இங்கேதான் விதி வருது. அந்தஸ்தில் கீழே இருப்பவர் மேலே இருப்பவரிடம் முதலில் பேசக்கூடாது. நம்ம நெட்வொர்க் பாஷையில் சொன்னால், இணைப்பைத் தொடங்கும் உரிமை ஒரு பக்கத்துக்கு மட்டும்தான். இளவரசி வாயைத் திறக்கவே இல்லை. அரசரின் மகள்களும் 'பேசாதே' என்று தூபம் போட்டார்கள்.

அரசருக்குக் கோபம். அந்த நேரம் பார்த்து ஆஸ்திரியா, ரஷ்யா, பிரஷ்யா மூன்றும் போலந்தைப் பங்குபோடத் தயாராகின்றன. பிரான்ஸ் முறைத்துக்கொண்டால் வம்பு. அதனால் அம்மாவே கடிதம் போட்டு மகளை நெருக்கினார். ஆஸ்திரியத் தூதர் மெர்சி பக்கத்திலிருந்தே வற்புறுத்தினார்.

1772 ஜனவரி 1. புத்தாண்டு வாழ்த்து சொல்ல வந்தவர்கள் வரிசையில் து பாரியும் நின்றார். இன்றைக்கு வெர்சாயில் நல்ல கூட்டம் என்ற பொருளில் இளவரசி ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். அவ்வளவுதான், பிரச்சினை தீர்ந்தது. அதே வருஷம் ஆகஸ்டில் போலந்து துண்டானது.

சரித்திரக் கதை எழுத நினைக்கிறவங்களுக்கு இதில் விஷயம் இருக்கு. விஷக் கோப்பை தேவையே இல்லை. அந்தப் பெண்ணிடம் சொந்தமா இருந்த ஒரே ஆயுதம் மௌனம். பெற்ற தாயே அதையும் கேட்டு வாங்கிக்கொண்டார். அப்போ அவளுக்கு வயது 16.