பூனைக்கு எமனாகும் நூல்!

நூல்கண்டு உருளுகிறது. பூனைக்குட்டி பாய்கிறது. குழந்தை கை கொட்டிச் சிரிக்கிறது.

பார்க்க அழகான காட்சிதான். ஆனால், அந்த நூல் பூனையின் வயிற்றுக்குள் போய்விட்டால்? அதன் உயிருக்கே ஆபத்து!

"நூல்தானே! மறுநாள் வெளியே வந்துவிடும்" என்று பலர் நினைக்கிறார்கள். சில சமயம் வந்துவிடும். வராமல் போனால்தான் வினை.

முள் நாக்கு

பூனை உங்கள் கையை நக்கினால் சொரசொரவென்று இருக்கும். அதன் நாக்கில் சின்னஞ்சிறு முட்கள் இருப்பதுதான் காரணம். அவை தொண்டைப் பக்கமாக வளைந்தவை. எலும்பில் ஒட்டிய இறைச்சியைச் சுரண்டவும், உடம்பு மயிரைக் கோதவும் உதவுகின்றன.

அந்த முட்களில் நூல் மாட்டிக்கொண்டால் பூனையால் எளிதில் துப்ப முடியாது. நக்க நக்க நூல் உள்ளேதான் போகும். கடைசியில் விழுங்கிவிடும்.

உள்ளே நடப்பது என்ன?

நூலின் ஒரு முனை நாக்கின் அடியில் சிக்கிக்கொள்ளலாம். அல்லது, இரைப்பை முடிந்து குடல் தொடங்கும் இடத்தில் சிக்கலாம். மறுமுனை குடலுக்குள் போய்விடும்.

குடல் சும்மா இருக்காது. உள்ளே வந்ததை அலை அலையாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆனால் நூல் நகராது. ஒரு முனைதான் சிக்கிக் கிடக்கிறதே!

பாவாடை நாடாவை இழுத்தால் துணி எப்படிச் சுருங்குகிறது? அதேபோலக் குடலும் நூலின் மேல் கொசுவம் கொசுவமாகச் சுருங்கிவிடும்.

கிணற்றுக் கயிறு கல்லையே தேய்த்துவிடுகிறது. மெல்லிய குடல் எம்மாத்திரம்? நூல் அதை அறுத்து ஓட்டை போட்டுவிடும். குடலில் உள்ளது வயிற்றுக்குள் கசிந்து சீழ் பிடிக்கும். பிறகு பூனை பிழைப்பது கடினம்.

தையல் நூல் என்றால் ஆபத்து இரட்டிப்பு. அதில் ஊசியும் கோத்திருக்கலாம்!

அடையாளங்கள்

பூனை திரும்பத் திரும்ப வாந்தி எடுக்கும். சாப்பாட்டைத் தொடாது. எச்சில் ஒழுகும். மூலையில் பதுங்கிக் கிடக்கும். வயிற்றைத் தொட்டால் சீறும். சில சமயம் வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கும்.

இழுக்காதீர்கள்!

தொங்கும் நூலைப் பிடித்து இழுக்காதீர்கள். உள்ளே குடல் அறுபடலாம். விளக்கெண்ணெய், உப்புத் தண்ணீர் என்று கைவைத்தியம் எதுவும் வேண்டாம்.

உடனே கால்நடை டாக்டரிடம் தூக்கிச் செல்லுங்கள். எப்போது விழுங்கியது, எவ்வளவு நூல் என்று சொல்லுங்கள். டாக்டர் நாக்கைத் தூக்கிப் பார்ப்பார். எக்ஸ்ரே, ஸ்கேன் எடுப்பார். தேவைப்பட்டால் ஆபரேஷன் செய்து நூலை எடுப்பார். சீக்கிரம் போனால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம்.

சென்னை வேப்பேரியில் 1903-ம் ஆண்டு தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரியில் பூனைகளுக்கும் சிகிச்சை உண்டு. வெளியூர்க்காரர்கள் பக்கத்தில் உள்ள கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போகலாம்.

விளையாடவே கூடாதா?

தாராளமாக விளையாடலாம். குச்சியின் நுனியில் கயிற்றைக் கட்டி ஆட்டுங்கள். ஆனால், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்தான்! ஆட்டம் முடிந்ததும் அதை அலமாரிக்குள் வைத்துப் பூட்டுங்கள்.

பூனை தனியாக விளையாட, வாயில் அடங்காத பந்து போதும். காலி அட்டைப்பெட்டி கிடைத்தால் அதற்கு அரண்மனையே கிடைத்த மாதிரி!

பூக்கட்டும் நூல், தையல் நூல், பட்டத்து நூல், தலைமுடி ரப்பர் எதையும் தரையில் போடாதீர்கள். மீன், கறிப் பொட்டலம் கட்டிய நூலில் வாசனை இருக்கும். பூனை அதைத் தேடி வரும். குப்பைக்கூடையை மூடி வையுங்கள்.

குழந்தைகளே! ஆட்டம் முடிந்ததும் நூலை எடுத்து வைப்பது உங்கள் பொறுப்பு. ஒரு நிமிட வேலைதான். உங்கள் பூனையின் உயிர் அதில் இருக்கிறது.