சீல் வைத்த உறைக்குள் என்ன?

ஆபரேஷன் தியேட்டர் கதவை ஒரு விரற்கடை திறந்து எட்டிப் பார்ப்போம், வாருங்கள்! இடம், அமெரிக்காவின் ஹூஸ்டன். முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனை. காலம், 1990-களின் பின்பாதி. முழங்கால் தேய்மானத்தால் அவதிப்படும் ஒருவரை உள்ளே கொண்டுவந்தாயிற்று. அறுவை செய்யப்போகிறவர் டாக்டர் புரூஸ் மோஸ்லி. இன்று இந்தக் காலுக்கு என்ன செய்யப்போகிறோம் என்பது அவருக்கே இன்னும் தெரியாது! இப்போதுதான் அவர் கைக்கு ஒட்டிய உறை ஒன்று வருகிறது. பிரிக்கிறார்.

மூன்றில் ஒன்று எழுதியிருக்கும். மூட்டைச் சலைனால் கழுவிவிடு. அல்லது, கழுவுவதோடு பிசிறுகளையும் சுரண்டி எடு. அல்லது, ஒன்றுமே செய்யாதே, செய்வதுபோல் நடி!

அந்த மூன்றாவது உறை வந்தால் நடப்பதுதான் அற்புதம். தோலில் மட்டும் ஒரு சென்டிமீட்டர் அளவில் மூன்று கீறல்கள். மோஸ்லி ஒவ்வொரு கருவியாகக் கேட்டு வாங்குகிறார். காலை மடக்குகிறார், நீட்டுகிறார். மூட்டைக் கழுவும் சத்தம் கேட்கவேண்டுமே? சலைனைச் சளசளவென்று தெறிக்கவிடுகிறார்கள்! உண்மையான அறுவைக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரமும் நோயாளி உள்ளேயேதான். இரவு வார்டில் கவனித்துக்கொள்ளும் நர்ஸுகளுக்கும் யாருக்கு எது நடந்தது என்று தெரியாது. தியேட்டர் என்ற பெயர் இவ்வளவு பொருந்திப்போன இடத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இத்தனை நடிப்பும் ஓர் ஆய்வுக்காகத்தான். இரண்டு வருடம் காத்திருந்து கணக்குப் பார்த்தார்கள். 2002-இல் முடிவு வெளிவந்தது. கழுவியவர்களும் சரி, சுரண்டி எடுத்தவர்களும் சரி, வலியிலோ நடையிலோ, நடிப்பு அறுவை பெற்றவர்களைவிட ஒரு கட்டத்திலும் மேலாக இல்லை! ஆயிரக்கணக்கானோருக்கு வழக்கமாகச் செய்துவந்த சிகிச்சை அது. படிக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

பின்லாந்துக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். இவர்கள் எடுத்துக்கொண்டது வயதாக ஆகத் தானாகவே நைந்து கிழியும் முழங்கால் ஜவ்வு. 146 பேர். எல்லோருக்கும் கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். பாதிப்பேருக்கு ஜவ்வின் கிழிந்த பகுதியைச் செதுக்கி எடுத்தார்கள். மீதிப்பேருக்கு? செதுக்கும் மோட்டார் கருவியில் பிளேடைக் கழற்றிவிட்டு, அதை முழங்கால் சில்லின் மேல், வெளியிலிருந்தே, அழுத்திப் பிடித்தார்கள். அதிர்வு எலும்பில் தெரியும், உறிஞ்சு குழாயின் சத்தம் காதில் விழும். எவ்வளவு நுணுக்கம் பாருங்கள்! 2013-இல் வந்த முடிவின்படி, ஒரு வருடம் கழித்து இரு தரப்பும் ஏறத்தாழ ஒரே அளவு தேறியிருந்தார்கள்.

தோள்பட்டையை விடுவார்களா? கையைத் தூக்கினால் வலிக்கிறது என்று வருகிறவர்களுக்கு, தோளின் மேல் எலும்பில் நீட்டிக்கொண்டிருக்கும் முள்ளைச் சீவிவிடுவது பிரிட்டனில் வழக்கமாக இருந்தது. ஆக்ஸ்போர்டு குழு 32 மருத்துவமனைகளில் 313 பேரைச் சேர்த்தது. சிலருக்குச் சீவினார்கள். சிலருக்குக் கேமராவை விட்டுப் பார்த்ததோடு சரி. சிலருக்கு அறுவையே இல்லை. சீவியதற்கும் வெறுமனே பார்த்ததற்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். இதெல்லாம் தேய்மான வலியின் கதை. கபடியிலோ கால்பந்திலோ படக்கென்று அறுந்த முழங்கால் இணைப்பு நாருக்கும், மடங்கிய நிலையிலேயே பூட்டிக்கொண்ட முழங்காலுக்கும் இந்த முடிவுகளை அப்படியே பொருத்தக்கூடாது. அறுந்த இணைப்பு நாருக்கு ஸ்வீடனில் தனியாக ஓர் ஆய்வு நடந்தது. 121 இளைஞர்களில் ஒரு பாதிக்கு உடனே அறுவை. மறு பாதிக்கு முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் மட்டும் பிறகு அறுவை. இரண்டு வருடத்தில் இரு அணியும் சமமாக நின்றன. பயிற்சி அணியின் 59 பேரில் 36 பேர் அதுவரை அந்த நாருக்கு அறுவை செய்துகொள்ளாமலே இருந்தார்கள்!

மறுபடி ஹூஸ்டனுக்கு வருகிறேன், ஏனென்றால் என் மனசு அங்கேயே நிற்கிறது. ஆய்வில் சேருமுன் ஒவ்வொருவரும் தம் கைப்படவே எழுதித் தரவேண்டியிருந்தது: எனக்கு நடிப்பு அறுவை மட்டுமே கிடைக்கலாம், அதனால் என் மூட்டுக்குப் பலன் இராது என்று. கேட்கப்பட்டவர்கள் 324 பேர். அதில் 144 பேர் மறுத்துவிட்டார்கள். வலிக்கிற காலோடு உட்கார்ந்து அதை எழுதிக்கொடுத்தவர்கள் 180 பேர்.