மாறாத ஏழு இலக்கங்கள்: சரக்குக் கப்பலைப் பின்தொடர்வது எப்படி?

கோதுமை, நிலக்கரி, உரம் போன்றவற்றை மூட்டை கட்டாமல் அப்படியே அறைகளில் கொட்டிச் சுமப்பவை உலர் மொத்தச் சரக்குக் கப்பல்கள். அவற்றில் ஏறத்தாழ 10,000 முதல் 40,000 டன் வரை சுமப்பவை ‘ஹேண்டிசைஸ்’ என்னும் சிறிய வகை. ராட்சதக் கப்பல்கள் நுழைய முடியாத, ஆழம் குறைந்த துறைமுகங்களுக்கும் இவை செல்லும். பெரும்பாலானவற்றில் சொந்தக் கிரேன்கள் உண்டு.

1997-ல் கட்டப்பட்ட ‘ரூபிமார்’ இத்தகைய கப்பல். நீளம் சுமார் 171 மீட்டர், அகலம் 27 மீட்டர், சுமைத்திறன் சுமார் 32,000 டன். சுமைத்திறனில் சரக்குடன் எரிபொருள், நன்னீர், உணவு ஆகியவற்றின் எடையும் அடக்கம். கப்பலின் அளவைச் சொல்லும் ‘கிராஸ் டன்னேஜ்’ எடையே அல்ல. கப்பலின் உட்புறக் கொள்ளளவிலிருந்து கணக்கிடப்படும் எண்.

உரிமையாளர் மாறினால் பெயரும் கொடியும் மாறலாம். சர்வதேசக் கடல்சார் அமைப்பின் (ஐஎம்ஓ) ஏழு இலக்க அடையாள எண் மட்டும் கட்டிய நாள் முதல் உடைக்கும் நாள் வரை மாறாது. ரூபிமாரின் எண் 9138898. இதன் முதல் ஆறு இலக்கங்களை முறையே 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் 158 வரும். அதன் கடைசி இலக்கமான 8-தான் ஏழாவது இலக்கம். தவறாக எழுதப்பட்ட எண்ணை இந்தக் கணக்கு பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

எண் கப்பலை அடையாளம் காட்டும்; அதன் இருப்பிடத்தை அறிய வேறு கருவி வேண்டும். பன்னாட்டுப் பயணம் செய்யும், 300 கிராஸ் டன்னேஜும் அதற்கு மேலும் உள்ள கப்பல்களில் ஏஐஎஸ் என்னும் தானியங்கி அடையாளக் கருவி கட்டாயம். ஓடும் கப்பல் 2 முதல் 10 விநாடிக்கு ஒருமுறையும், நங்கூரமிட்ட கப்பல் 3 நிமிடத்துக்கு ஒருமுறையும் தன் இருப்பிடத்தை ரேடியோ அலையில் அறிவிக்கும். கரைக்கு அருகே கரை நிலையங்களும் நடுக்கடலில் செயற்கைக்கோள்களும் அதைப் பெறுகின்றன. இடமும் வேகமும் கருவியிலிருந்து தானாகவே வரும். சேருமிடத்தையும், கப்பல் நீரில் அமிழ்ந்திருக்கும் ஆழத்தையும் மாலுமிகளே பதிகிறார்கள். அவற்றில் பிழை நேரலாம். அந்த ஆழம் சரியாகப் பதியப்பட்டிருந்தால், கப்பல் சுமையுடன் போகிறதா, வெறுமையாகவா என்பது விளங்கும்.

ஆபத்தான கடலில் கேப்டன் ஏஐஎஸ் கருவியை அணைக்கலாம். மின்சாரம் அற்றுப்போனாலும் அது ஓயும். அப்போது செயற்கைக்கோள் படங்கள் கைகொடுக்கும். 2024 பிப்ரவரி 18 அன்று ஏமனின் ஹவுதி கிளர்ச்சியாளர்களின் ஏவுகணை தாக்கியபின் ரூபிமாரை ஊழியர்கள் கைவிட்டனர். அதிலிருந்து கசிந்த எண்ணெய்ப் படலத்தைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. சுமார் 21,000 டன் உரத்துடன் மார்ச் 2 அன்று அது செங்கடலில் மூழ்கியது.