சினையும் ‘ஸ்பானு’ம்

முன்னுரை

மும்பை வாழ் தமிழ் மாணவர்களுள் பலர் ‘ஸ்பான்’ என்னும் ஆங்கிலச் சொல்லைக் கணினி விளையாட்டின் வாயிலாக அறிந்திருப்பர். விளையாட்டு வீரன் திரையில் தோன்றுவது ‘ஸ்பான்’. வீழ்ந்தபின் மீண்டும் தோன்றுவது ‘ரீஸ்பான்’. ஆயினும் இச்சொல் திரையில் பிறந்ததன்று, நீரில் பிறந்தது. மீனும் தவளையும் நீரில் இடும் முட்டைத் திரளின் பெயரே ‘ஸ்பான்’ ஆகும். தமிழில் இதனைச் ‘சினை’ என்பர்.

சொல்லின் வேர்

‘விரித்தல், பரப்புதல்’ என்னும் பொருளுடைய இலத்தீன் வினைச்சொல் ஒன்று, பழைய பிரெஞ்சு மொழியின் வழியாக ஆங்கிலத்தை அடைந்து ‘ஸ்பான்’ ஆயிற்று. பெயருக்கேற்பவே செயலும் அமைந்துள்ளது. கோழி தான் இட்ட முட்டைகளின்மீது அமர்ந்து அடைகாக்கும். மீன்களுள் பெரும்பாலானவை அவ்வாறு செய்வதில்லை. முட்டைகளை நீரில் பரப்பிவிட்டு நீங்கிவிடும். அவற்றுள் பலவற்றைப் பிற உயிர்கள் உண்ணும்; பலவற்றை நீரோட்டம் அடித்துச் செல்லும். பிழைப்பவை மிகச் சிலவே. அதனால்தான் ரோகு, கட்லா போன்ற பெரிய மீன்கள் இலட்சக்கணக்கில் முட்டையிடுகின்றன.

ஆங்கிலத்தில் அதன் பயன்பாடுகள்

‘ஸ்பான்’ பெயர்ச்சொல்லாகவும் வினைச்சொல்லாகவும் வரும். முட்டைத் திரளும் ‘ஸ்பான்’. அதனை இடும் செயலும் ‘ஸ்பான்’.

இந்திய மீன் வளர்ப்புத் தொழிலில், முட்டையிலிருந்து அண்மையில் வெளிவந்த நுண்மீன் குஞ்சுகளையும் அச்சொல்லால் குறிப்பர். ரோகு, கட்லா முதலிய மீன்கள் தேங்கிய குளத்தில் இயல்பாக முட்டையிடுவதில்லை. மழைக்காலத்தில் பெருகியோடும் ஆற்றிலேயே இடும். ஆகவே மீன் வளர்ப்போர் ஆற்றிலிருந்து குஞ்சுகளைத் திரட்ட வேண்டியிருந்தது. இந்நிலையை மாற்றியவர் அறிவியலாளர் ஹிராலால் சௌதுரி. அவர் மீனின் பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை ஊசிவழிச் செலுத்தி, 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் மீன்களைச் சினையிடச் செய்தார். அந்நாளே இன்று தேசிய மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

காளான் வளர்ப்பிலும் இச்சொல் உண்டு. வேகவைத்த சோளம் போன்ற தானியத்தில் காளானின் இழைகளைப் படரவிட்டு உருவாக்கும் விதைப்பொருளை ஆங்கிலேயர் ‘ஸ்பான்’ என்பர். தமிழர் ‘காளான் வித்து’ என்பர். கணினியில் ஒரு செயல்நிரல் மற்றொன்றைத் தோற்றுவிப்பதற்கும் இச்சொல்லே வழங்குகிறது.

ஒன்றிலிருந்து பல தோன்றுதல் என்னும் கருத்தே இப்பயன்பாடுகளில் பெரும்பாலானவற்றை இணைக்கும் இழையாகும். ஆனால் மனிதரின் பிள்ளைகளைக் குறிக்க இச்சொல்லைப் பயன்படுத்தினால் அது இகழ்ச்சியாகும்.

தமிழில் ‘சினை’

தமிழ்ச் சொல்லும் பல பொருள் உடையது. மீனின் முட்டை சினை. கருவுற்ற பசு சினைப்பசு. மரத்தின் கிளையும் சினை எனப்படும். முழுமையான ஒன்றின் உறுப்பும் சினையே. அதனால்தான் கை, கண், இலை போன்ற சொற்களை இலக்கணம் ‘சினைப்பெயர்’ என்கிறது. உயிரியலில் சினைப்பை, சினைமுட்டை என்னும் கலைச்சொற்கள் மனிதருக்கும் வழங்குகின்றன. எனினும் தாய்மை அடைந்த பெண்ணைச் ‘சினையாக இருக்கிறார்’ என்று கூறுவது தமிழ் மரபன்று. ‘கருவுற்றிருக்கிறார்’ என்பதே முறை. அகராதி பொருளைத் தரும். மதிப்பையும் மரபையும் பயன்பாடே கற்பிக்கும்.

வினைச்சொற்களிலும் இம்மரபு உண்டு. மீன் சினையிடும், கோழி முட்டையிடும், பசு கன்று ஈனும், ஆடு குட்டி போடும்.

மும்பைக் கடலும் சினைக்காலமும்

மும்பை மீன் சந்தையில் மீன்சினையை மராத்தியில் ‘காபோளி’ என்பர். பலர் அதனை விரும்பி உண்பர். எனினும் சினை மீன்கள் எல்லாம் பிடிபட்டுவிட்டால் வருங்காலத்தில் கடலில் மீன்வளம் குன்றிவிடும். இதனைத் தவிர்க்கவே மேற்குக் கடற்பகுதியில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலும், தமிழ்நாடு அடங்கிய கிழக்குக் கடற்பகுதியில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலும் 61 நாட்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை விதிக்கப்படுகிறது. மேற்குக் கரையில் அது கடல் கொந்தளிக்கும் மழைக்காலமும் ஆகும். ஆதலால் தடை மீனவரின் உயிருக்கும் காப்பாகிறது.

இத்தடை எளிதில் தாங்கக்கூடியதன்று. அந்நாட்களில் படகுகள் கரையில் நிற்கும், வருவாய் நின்றுபோகும். தமிழ்நாட்டில் மீனவக் குடும்பங்களுக்கு அரசு நிவாரணத் தொகை வழங்குகிறது. மும்பையின் கோலி மீனவர், சிராவண மாத முழுநிலவு நாளில் கடலுக்குத் தேங்காய் படைத்து வழிபடுவர். இவ்விழா ‘நாரளி பௌர்ணிமா’ எனப்படும். தாராவியிலும் ஒரு கோலிவாடா உள்ளது. அங்குள்ள கோலியரும் தமிழரும் நெடுங்காலமாக அண்டை அயலாராய் வாழ்கின்றனர்.

முடிவுரை

சந்தையில் காபோளி, வகுப்பில் ஸ்பான், வீட்டில் சினை என ஒரே பொருளை மூன்று மொழிகளில் கூறும் வாய்ப்பு மும்பைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு உண்டு. மூன்றையும் அறிந்தவருக்கே அவற்றுக்கிடையே உள்ள வேறுபாடும் புலப்படும். இவற்றுள் ‘சினை’ வீட்டில் பேசப்படும் வரையில்தான் அடுத்த தலைமுறையின் நாவிலும் நிற்கும்.

அருஞ்சொற்பொருள்

திரள் – கூட்டம்
அடைகாத்தல் – முட்டைகளின்மீது அமர்ந்து வெப்பம் அளித்தல்
ஈனுதல் – பெறுதல்
குன்றுதல் – குறைதல்

பயிற்சி

1. மீன்கள் மிகுதியாக முட்டையிடுவதன் காரணம் யாது?
2. ‘சினை’ என்னும் சொல்லின் மூன்று பொருள்களை எழுதி, ஒவ்வொன்றையும் வாக்கியத்தில் அமைக்க.
3. மீன்பிடித் தடைக்காலத்தால் விளையும் நன்மையையும் இடரையும் விளக்குக.
4. வீட்டிலுள்ள பெரியோரிடம் கேட்டு, விலங்குகளின் இளமைப் பெயர்கள் ஐந்தைத் தமிழிலும் மராத்தியிலும் எழுதுக.